உக்காஷா முந்திக்கொண்டார்

விழுப்புரத்துல என் கூடப் படிச்ச நண்பன் வீட்டுல ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, கல்யாணச் சண்டையும் இல்லை. கிட்டத்தட்ட 1400 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒருத்தரை எங்க அடக்கம் பண்ணினாங்க அப்படிங்கறதுதான் சண்டை.

நண்பனோட நன்னி (அம்மாவோட அம்மா) வருஷம் தவறாம பரங்கிப்பேட்டைக்குப் போறவங்க. அங்க இருக்கற உக்காஷா தர்காவுக்கு ஜியாரத். விழுப்புரத்துல மாயவரம் பாசஞ்சர் ஏறினா பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், அடுத்தது பரங்கிப்பேட்டை. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் ரயில்ல சின்னப் பசங்களா நாங்களும் நன்னி கூடப் போயிருக்கோம். 2010ல அது அகலப்பாதை ஆயிடுச்சு. நன்னி மட்டும் மாறலை.

நண்பனோட தம்பி சவுதியில வேலை பாக்கறான். லீவுல வந்தவன், "நன்னி, உக்காஷா ஸஹாபி. நபியோட தோழர். அவர் அரேபியாவை விட்டு வெளிய வந்ததே இல்லை. பரங்கிப்பேட்டையில எப்படி கபுர் இருக்கும்? இல்லாத கபுருக்கு எதுக்குப் போறீங்க?"ன்னு கேட்டுட்டான். நன்னி ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. மறுநாளும் அவன்கிட்ட பேசலை.

"நீதான் சரித்திரம் சரித்திரம்னு அலையறியே, என்னன்னு பாத்துச் சொல்லுடா"ன்னு நண்பன் போன் பண்ணினான். நான் முஸ்லிம் இல்லை, மார்க்க விஷயத்துல தீர்ப்பு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனா யார் இந்த உக்காஷான்னு தேடிப் பார்க்கலாம் இல்லையா? பார்த்தேன். பத்து நாள் தூக்கம் போச்சு. மனுஷன் அப்படிப்பட்ட ஆளு!

மொட்டைத் தலையும் மரக்கட்டையும்

முழுப்பேர் உக்காஷா இப்னு மிஹ்ஸன். அஸத் இப்னு குஸைமா குலத்துக்காரர். மக்காவுல அவங்க குடும்பம் குறைஷிகளோட உடன்படிக்கை செஞ்சுகிட்டு, அந்த நிழல்ல வாழ்ந்த குடும்பம். அதாவது வந்தேறிக் குடும்பம். பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. நபிகள் நாயகத்தை ஆரம்பத்துலயே ஏத்துக்கிட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்தவங்கள்ல அவரும் ஒருத்தர். ரொம்ப அழகானவர்னு பழைய வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் எழுதி வெச்சிருக்கார்.

முதல்ல அவரை நாம பாக்கறது ஒரு சின்னப் படையில. ஹிஜ்ரி 2, கி.பி. 624 தொடக்கம். அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் தலைமையில சில பேரை நபிகள் அனுப்பறார். கையில ஒரு மூடின கடிதம். ரெண்டு நாள் பயணம் போனப்புறம்தான் பிரிக்கணும். பிரிச்சா, மக்காவுக்கும் தாயிஃபுக்கும் நடுவுல இருக்கற நக்லாவுக்குப் போய் குறைஷிகளோட நடமாட்டத்தைக் கவனிக்கணும்னு இருக்கு.

அங்க ஒரு வணிகக் கூட்டம் வந்து இறங்குது. இவங்களைப் பாத்ததும் மிரண்டு போறாங்க. அப்போ உக்காஷா தலையை மொட்டை அடிச்சுக்கிட்டு அவங்க கண்ணுல படற மாதிரி வந்து நின்னாராம். "அட, இவங்க உம்ரா செய்ய வந்த யாத்ரீகர்கள்தான், பயப்பட ஒண்ணுமில்லை"ன்னு அவங்க நிம்மதியாயிட்டாங்க. அப்புறம் நடந்த மோதல் சண்டை தடுக்கப்பட்ட புனித மாதத்துல நடந்ததால மதீனாவுலயே பெரிய சர்ச்சை ஆச்சு. அது தனிக்கதை. ஒரு மொட்டைத் தலையால ஒரு கூட்டத்தையே நம்ப வெச்ச ஆள் இவர், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ரெண்டே மாசத்துல பத்ரு யுத்தம். சண்டை மும்முரத்துல உக்காஷாவோட வாள் முறிஞ்சுபோச்சு. நபிகள்கிட்ட வந்து நிக்கறார். நபிகள் ஒரு மரக்கட்டையை எடுத்துக் கொடுத்து, இதால போர் செய்னு சொல்றார். உக்காஷா அதை வாங்கி ஒரு வீசு வீசினதும் அது நீளமான, பளபளன்னு மின்னற வாளா மாறிச்சுன்னு இப்னு இஸ்ஹாக் எழுதின வரலாறு சொல்லுது. அந்த வாளுக்கு 'அவ்ன்', உதவின்னு பேர். சாகற வரைக்கும் அதைத்தான் வெச்சிருந்தாராம்.

அற்புதத்தை நம்பறதும் நம்பாததும் உங்க விருப்பம். எனக்குப் பிடிச்சது வேற. வாள் முறிஞ்சவன் ஓடியிருக்கலாம். இவர் கட்டையை வாங்கிக்கிட்டுத் திரும்பவும் சண்டைக்குப் போனார்.

முந்திக்கொண்டவர்

இஸ்லாமிய உலகம் முழுக்க அவர் பேரை ஞாபகம் வெச்சிருக்கறது இன்னொரு நிகழ்ச்சிக்காக. புகாரி, முஸ்லிம் ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு.

ஒரு நாள் நபிகள், தன் சமுதாயத்துல 70,000 பேர் கேள்வி கணக்கே இல்லாம சொர்க்கத்துக்குப் போவாங்கன்னு சொல்றார். யார் அந்த அதிர்ஷ்டசாலிகள்? ஓதிப் பார்க்கச் சொல்லி யார்கிட்டயும் போய் நிக்காதவங்க, சகுனம் பார்க்காதவங்க, சூடு போட்டு வைத்தியம் பண்ணிக்காதவங்க, பாரத்தை எல்லாம் இறைவன் மேல போட்டவங்க. சபை அமைதியா இருக்கு. உக்காஷா டக்குன்னு எழுந்து, நானும் அதுல ஒருத்தனா இருக்கப் பிரார்த்தனை பண்ணுங்கன்னு கேட்டுட்டார். நபிகளும் ஆமோதிச்சார். இதைப் பாத்துட்டு இன்னொருத்தர் எழுந்து எனக்கும்னு கேட்க, உக்காஷா உங்களை முந்திக்கிட்டார்னு பதில் வந்துச்சு.

அரபு மொழியில இது பழமொழியாவே ஆயிடுச்சு. ஒரு வாய்ப்பை யாராவது முந்திப் பிடிச்சுட்டா, உக்காஷா முந்திட்டார்னு இன்னிக்கும் சொல்றாங்க. பஸ்ஸுல துண்டு போட்டு சீட் பிடிக்கற நம்ம ஊருக்குப் பொருத்தமான பழமொழி :-)

ஆனா இதுல ஒரு முரண் இருக்கு, கவனிச்சீங்களா? ஓதிப் பார்க்கச் சொல்லிக் கேட்காதவங்க கூட்டத்துல முதல் ஆளா இடம் பிடிச்சவர் இவர். அவர் பேரால இருக்கற தர்காவுக்குத்தான் ஜனங்க பிள்ளைகளுக்கு ஓதிப் பார்க்கவும் தண்ணி ஓதி வாங்கவும் போறாங்க. நண்பனோட தம்பி கோபப்பட்டதுல நியாயம் இல்லைன்னு எப்படிச் சொல்றது?

தங்கச்சி சொன்ன கோஷ்டம்

இவருக்கு ஒரு சகோதரி. உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன். அவங்களும் ஆரம்பத்துலயே குடிபெயர்ந்தவங்க. ஹதீஸ் அறிவிப்புல அவங்க பேர் வர்ற இடத்துல "உக்காஷாவின் சகோதரி"ன்னு சேர்த்தே குறிப்பு வருது. (தங்கச்சின்னு தலைப்புல போட்டது ஒரு உரிமையில!)

அவங்க குழந்தைக்குத் தொண்டை வீக்கம். அந்தக் காலத்து வழக்கப்படி தொண்டைக்குள்ள விரலை விட்டு அழுத்தியிருக்காங்க. குழந்தையைத் தூக்கிட்டு நபிகள்கிட்ட வந்தப்போ, ஏன் பிள்ளைகளை இப்படி வதைக்கறீங்கன்னு கடிஞ்சுகிட்டு, 'ஊதுல் ஹிந்தி'யைப் பயன்படுத்துங்க, அதுல ஏழு நிவாரணம் இருக்குன்னு சொன்னாராம்.

ஊதுல் ஹிந்தின்னா இந்தியக் கட்டை. நம்ம நாட்டு மருந்துக்கடையில கோஷ்டம்னு கேட்டா ஒரு வேரு தருவாங்களே, அதேதான். இமயமலைப் பக்கம் விளையறது. கி.பி. முதல் நூற்றாண்டுலயே சிந்து முகத்துவாரத்துலயும் பரூச் துறைமுகத்துலயும் இருந்து கப்பல்ல மேற்கே போன சரக்கு.

இந்த இடத்துல நான் படிக்கறதை நிறுத்திட்டு ஒரு டீ குடிச்சேன். உக்காஷா இந்தியாவுக்கு வரலை. ஆனா இந்தியா அவர் வீட்டுக்குப் போயிருக்கு. அவர் மருமகப் பிள்ளையோட தொண்டைக்கு மருந்தா.

புஸாகாவில் ஒரு விடியல்

ஹிஜ்ரி 6ல 40 பேர் கொண்ட படைக்குத் தலைவரா உக்காஷா கம்ர் அப்படிங்கற இடத்துக்குப் போறார். எதிரிகள் யார்? அவரோட சொந்தக் குலமான அஸத். அவங்க முன்னாடியே தப்பி ஓடிட்டதால சண்டை இல்லாம 200 ஒட்டகத்தோட திரும்பி வந்தார்.

632ல நபிகள் நாயகம் மறைஞ்சதும் அரேபியாவுல பல குலங்கள் பிரிஞ்சு போச்சு. அஸத் குலத்துல துலைஹா அப்படின்னு ஒருத்தன் தானே நபின்னு சொல்லிக்கிட்டுக் கிளம்பினான். கலீஃபா அபூபக்கர் அவனை அடக்க காலித் இப்னு வலீதை அனுப்பறார். காலித் வேவு பார்க்க ரெண்டு பேரை முன்னால அனுப்பினார். ஒருத்தர் ஸாபித் இப்னு அக்ரம். இன்னொருத்தர் நம்ம உக்காஷா. இந்தத் தடவை மொட்டைத் தலை காப்பாத்தலை. துலைஹாவும் அவன் தம்பியும் எதிர்ப்பட்டு ரெண்டு பேரையும் கொன்னுட்டாங்க. பின்னாடி வந்த படை, உடல்கள் மேல குதிரைகள் மிதிக்கப் போனப்புறம்தான் யாருன்னு பாத்தாங்களாம். வடக்கு நஜ்துல புஸாகாவுக்குப் பக்கத்துல, ரத்தம் தோய்ஞ்ச அதே துணியோட அடக்கம் பண்ணினாங்க. நபிகள் மறைஞ்சப்போ உக்காஷாவுக்கு 44 வயசு, அதுக்கு ஒரு வருஷத்துக்குள்ள இறந்தார்னு கணக்கு சொன்னது அதே சகோதரி உம்மு கைஸ்தான்.

துலைஹா தோத்து சிரியாவுக்கு ஓடினான். பிறகு மனசு மாறித் திரும்பி வந்தான். உமர் கலீஃபா ஆனப்புறம் அவர் முன்னாடி போய் நின்னான். "உக்காஷாவையும் ஸாபித்தையும் கொன்னவன் நீதானே, உன்னை என்னால நேசிக்க முடியாது"ன்னார் உமர். இறைவன் என் கையால அவங்களுக்கு மேன்மை கொடுத்தான், அவங்க கையால என்னை இழிவாக்கலைங்கற மாதிரி பதில் சொன்னான் துலைஹா. உமர் அவனைத் தண்டிக்கலை. காதிஸிய்யா போர்ல அவன் முஸ்லிம் படையில நின்னு சண்டை போட்டான். 642ல நஹாவந்த் போர்லயே இறந்துபோனான்னு சொல்றாங்க.

நாலு ஊர்ல ஒரு கபுர்

ஆக, பழைய அரபு வரலாறுகள்படி உக்காஷா புஸாகாவுல இருக்கார். ஆனா ஜெருசலேம்ல 'நபி உக்காஷா'ன்னு ஒரு நினைவிடமும் பக்கத்துல 19-ஆம் நூற்றாண்டு மசூதியும் இருக்கு. 1929 கலவரத்துல அது தாக்கப்பட்டது. துருக்கியில காஸியான்டெப் மாகாணத்து நூர்தாயி பக்கம் அவர் பேர்ல ஒரு தர்கா. அந்த வட்டாரத்துல ஆண் பிள்ளைகளுக்கு 'ஒக்கெஷ்'னு பேர் வைக்கறது ரொம்ப சகஜம். உக்காஷாதான் துருக்கி நாக்குல அப்படி ஆயிட்டார். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துல பேரழிவு கண்ட பகுதி அது. நாலாவது, நம்ம பரங்கிப்பேட்டை.

இது உக்காஷாவுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் மதீனாவுல அடக்கமானவர். சீனாவுல குவாங்சோவுலயும் அவர் கபுர்னு ஒண்ணு இருக்கு. நம்ம கோவளத்துல தமீம் அன்ஸாரி தர்கா. பெட்டியில மிதந்து வந்து கரை ஒதுங்கின ஸஹாபின்னு அங்க சொல்லுவாங்க. வரலாற்றுல நமக்குத் தெரிஞ்ச தமீம், தமீமுத் தாரி. பாலஸ்தீனத்துக் கிறிஸ்தவரா இருந்து ஹிஜ்ரி 9ல இஸ்லாமுக்கு வந்தவர். கடல்ல ஒரு மாசம் அலைக்கழிஞ்சு ஏதோ ஒரு தீவுல ஒதுங்கின கதையைச் சொன்னவர். அவர் கபுர் பாலஸ்தீனத்து பைத் ஜிப்ரீன்ல. ஆனா அவர் கதை ஸ்பெயின் வரைக்கும் ஒரு பக்கம் போயிருக்கு, மலாய் மொழியில 'ஹிகாயத் தமீமுத் தாரி'யா இன்னொரு பக்கம் போயிருக்கு. கடல்ல தொலைஞ்சவர் கதை கடற்கரைக்காரங்களுக்குப் பிடிக்காம போகுமா?

திண்டிவனத்துல நின்னு பாருங்க. வடக்கே கோவளம், தெற்கே பரங்கிப்பேட்டை. நடுவுல நாம. ரெண்டுமே பழைய துறைமுகம். அரபு வணிகர்கள் மஅபர்னு கூப்பிட்ட கரை. பரங்கிப்பேட்டைக்கு நவாப் காலத்துப் பேர் மஹ்மூது பந்தர். போர்த்துகீசியர் வெச்சது போர்ட்டோ நோவோ. கோவளத்தைத் துறைமுகமா வளர்த்தது நவாப் சஆதத்துல்லா கான். யார் இவர்? 1714ல தேசிங்கு ராஜாவைத் தோற்கடிச்ச அதே நவாப்தான். திண்டிவனத்துல இருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள, செஞ்சிக் கோட்டையில அவர் பேர்ல இருக்கற மசூதி 1717-18ல கட்டினது. பிக்னிக் போனப்போ எல்லாரும் பாத்திருப்பீங்க.

ஆற்காட்டு நவாப்புகள் இந்த மண்ணுக்குப் புதுசு. வேர் பிடிக்கணும்னா இங்க இருக்கற புனித இடங்களோட உறவு வேணும். 1823ல நவாப் ஆஸம் ஜா சென்னையில இருந்து நாகூர் வரைக்கும் பரிவாரத்தோட ஜியாரத் போனார். கூடப் போன குலாம் அப்துல் காதிர் நாஸிர் அதை 'பஹாரே ஆஸம் ஜாஹி'ன்னு பாரசீகத்துல எழுதி வெச்சார். சென்னைப் பல்கலைக்கழகத்து முகம்மது ஹுசைன் நயினார் அதை 1950ல ஆங்கிலத்துல கொண்டு வந்தார். அரசன் போய் வணங்கின இடத்துக்கு மதிப்பு கூடும், கதையும் கூடும்.

ஆனா கதையை உயிரோட வெச்சிருந்தது நவாப்புகள் இல்லை, நன்னிகள். அவங்களுக்குத் தெரிஞ்ச உக்காஷா கதையே வேற. நபிகள் மறையப் போற நேரம். என்னால யாராவது அடிபட்டிருந்தா இப்பவே பழி தீர்த்துக்கலாம்னு சபையில கேட்கறார். வயசான ஒருத்தர் எழுந்து, ஒரு நாள் உங்க சாட்டை என் மேல பட்டுச்சுன்னு சொல்றார். அவர்தான் உக்காஷா. சபையே பதறுது. எங்களை அடின்னு ஒவ்வொருத்தரா முன்னால வர்றாங்க, பேரப்பிள்ளைகள் உட்பட. சாட்டை பட்டப்போ என் மேல துணி இல்லைன்னு கிழவர் சொல்ல, நபிகள் தன் சட்டையை விலக்கறார். கிழவர் ஓடிப்போய் அந்தத் திருமேனியில முத்தம் கொடுக்கறார். கேட்டதே அதுக்குத்தான்.

நன்னி இதைச் சொல்லி முடிக்கறப்போ அழாத ஆள் அந்த வீட்டுல கிடையாது. நானும் அழுதிருக்கேன். ஆனா ஹதீஸ் அறிஞர்கள் இதை ஏத்துக்கறதில்லை. 12-ஆம் நூற்றாண்டுலயே இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்ட செய்திகள் பட்டியல்ல இதைச் சேர்த்துட்டார். தவிர, அப்போ உக்காஷாவுக்கு 44 வயசுதான். கிழவர் எங்க இருந்து வந்தார்?

நன்னி சொன்னது

இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கிட்டு விழுப்புரம் போனேன். தம்பி ஒரு பக்கம், நன்னி ஒரு பக்கம். நடுவுல பிரியாணி.

"அண்ணே, சொல்லுங்க. அவர் பரங்கிப்பேட்டையில இருக்காரா இல்லையா?"

"புத்தகப்படி இல்லைப்பா. புஸாகாவுலதான்."

தம்பி முகத்துல வெளிச்சம். நன்னி நிமிர்ந்தே பாக்கலை. ஜெருசலேம், துருக்கின்னு நான் மத்த கபுர்களைப் பத்திச் சொன்னதும்தான் வாயைத் திறந்தாங்க.

"அங்கல்லாம் இருக்கலாம், நம்ம ஊர்ல மட்டும் இருக்கக் கூடாதா தம்பி?"

சிரிச்சுட்டோம். அப்புறம் மொட்டைத் தலை, மரக்கட்டை, கோஷ்டம் எல்லாம் சொன்னேன். தம்பியும் கேட்டுக்கிட்டிருந்தான். கபுர் அங்க இல்லைன்னு தெரிஞ்ச அளவுக்கு அந்த மனுஷன் யாருன்னு தனக்கும் தெரியலைன்னு ஒத்துக்கிட்டான். எனக்கும் அதுதான் பட்டுச்சு. கபுர் எங்கங்கற சண்டையில ரெண்டு பக்கமும் அந்த ஆளையே மறந்துடறோம். அதுக்காகப் புத்தகம் சொல்றதை மழுப்பவும் முடியாது. பரங்கிப்பேட்டையில இருக்கறது தலைமுறை தலைமுறையா ஜனங்க வெச்ச அன்பு. அன்பு நிஜம். அதுக்காக அது வரலாறு ஆயிடாது.

கடைசியா துலைஹா கதையைச் சொன்னேன். நன்னி கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

"கொன்னவனையுமா சேத்துக்கிட்டாங்க?"

"ஆமா நன்னி. புடிக்காமதான். ஆனா சேத்துக்கிட்டாங்க."

நன்னி எழுந்து உள்ள போனாங்க. திரும்பி வந்தப்போ கையில ஒரு தட்டு. தம்பி முன்னாடி வெச்சு, "சோறு ஆறிப்போச்சு, தின்னு"ன்னாங்க. பத்து நாளைக்கப்புறம் அவன்கிட்ட பேசின முதல் வார்த்தை.

அடுத்த வாரம் வழக்கம்போல மாயவரம் வண்டி. இந்தத் தடவை பையைத் தூக்கிட்டுப் போனது தம்பி. தர்காவுக்குள்ள அவன் போகலையாம். வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தானாம். நன்னியும் கூப்பிடலையாம். வர்ற வழியில, கடலூர் தாண்டினதும், "அந்த மரக்கட்டை வாளாச்சே, அதை இன்னொரு வாட்டி சொல்லு"ன்னு கேட்டாங்களாம்.